3,450 ரூபாய்ப் பெட்டியும் வெட்டுப்பட்ட வால் எண்களும்

பெட்டி நன்றாக இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கப்புறம் நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. கறுப்பு அட்டைப் பெட்டி, மூடினால் காந்தம் டக்கென்று பிடிக்கிறது. உள்ளே 48 படங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டர் பேப்பர், மேலே ஒரு கறுப்பு ரிப்பன். கல்யாணப் பத்திரிகைக்காரன்கூட இவ்வளவு செய்யமாட்டான். பணம் கட்டி ஒன்பதாவது நாள் பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, மூலை மடங்காமல். கடையின் பெயரை எழுதப்போவதில்லை, பணத்தைத் திருப்பித் தருவது பற்றி இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் விழுந்த கனரகக் குண்டுவீச்சு விமானங்களின் போர்க்காலப் படங்கள், 5-க்கு 7 அளவில் 48 என்று ஆன்லைனில் விற்கிறவர்கள் நிறைய பேர் இருக்க முடியாது, தேடுகிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் எவன் காசு கொடுத்து வாங்குவான் என்று வீட்டிலும் கேட்டார்கள். பிளாஸ்டிக் மாடல் விமானம் ஒட்டுகிறவன் வாங்குவான். பறக்கிற விமானத்தின் படத்தில் தோல்தான் தெரியும். விழுந்த விமானத்தில்தான் உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் தகடு எதோடு சேர்கிறது, பெயின்ட் எங்கே உரிந்து எங்கே கருகியது என்பது தெரியும். அதோடு பள்ளிக்கூட நாட்களில் கயத்தாறில் அந்தப் பழைய போர்க்கால ஓடுதளத்தில் சைக்கிள் ஓட்டி வளர்ந்த ஆள் நான். வெடிப்புகளில் எருக்கஞ்செடி முளைத்துக் கிடந்த அந்தக் காரையில் நின்றுகொண்டு, இங்கே ஒரு நான்கு இன்ஜின் விமானம் வந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்ததுதான் ஆரம்பம், இன்னும் விடவில்லை.

சரி, படங்கள். மொத்தம் 48-இல் என் கணக்குக்கு 19 பி-17, 14 லிபரேட்டர், 9 லான்காஸ்டர், 4 ஹாலிபாக்ஸ், 2 ஸ்டெர்லிங். எல்லாம் நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானங்கள், முதல் இரண்டு வகை அமெரிக்கா செய்தது, மற்ற மூன்றும் பிரிட்டன் செய்தது. பெட்டிக்குள் இருக்கிற குறிப்புச் சீட்டு வேறு கணக்குச் சொல்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். படத்துக்குப் படம் கையில் எடுத்துப் பார்த்தபோது முதல் பத்து நிமிடம் ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றியது, என்ன என்று பிடிபடவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஒரு படத்துக்குக்கூட ஓரம் இல்லை.

அந்தக் காலத்துப் படத்துக்கு வெள்ளை ஓரம் உண்டு. ஜெர்மன் சிப்பாய்கள் சொந்தக் கேமராவில் எடுத்து ஊருக்கு அனுப்பிய சின்னப் படங்களுக்கு அந்த ஓரம் பிஸ்கட் விளிம்பு மாதிரி நெளிநெளியாக இருக்கும். ராணுவப் புகைப்படக்காரர்கள் எடுத்ததாக இருந்தால் கீழே நெகட்டிவ் எண் கையால் எழுதியிருக்கும். பின்பக்கம் திருப்பினால் காகிதக் கம்பெனியின் முத்திரை, பென்சிலில் ஊர், தேதி, சில சமயம் தட்டச்சில் அடித்து ஒட்டிய குறிப்பு. எந்த விமானம், எந்த நாள், எந்த வயல் என்பதைச் சொல்வது பெரும்பாலும் அந்த ஓரமும் முதுகும்தான், நடுவில் இருக்கிற உலோகக் குப்பை அல்ல. இவர்கள் 5-க்கு 7 அளவில் அழகாக உட்கார வேண்டும் என்று நாலு பக்கமும் வெட்டிவிட்டார்கள். வெட்டியதில் வெள்ளை ஓரம் மட்டும் போனால்கூடச் சகித்துக்கொள்ளலாம், படமும் போயிருக்கிறது. பதினோரு படங்களில் வால் பாதிதான் இருக்கிறது. வாலில்தானே ஐயா எண் இருக்கும்!

அமெரிக்க விமானம் என்றால் அதன் வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அரசு அதற்கு ஆர்டர் கொடுத்த நிதியாண்டு. 1942 என்றால் 42, அப்புறம் ஒரு கோடு, அப்புறம் மீதி எண். வாலில் எழுதும்போது அந்த முதல் 4-ஐ விட்டுவிடுவார்கள், கோடும் கிடையாது, அதனால் 2-இல் தொடங்கும். இங்கிலாந்திலிருந்து பறந்த பி-17-ஆக இருந்தால் வால் துடுப்பில் முக்கோணமோ சதுரமோ போட்டு நடுவில் ஒரு எழுத்து இருக்கும், முக்கோணம் என்றால் முதல் டிவிஷன், சதுரம் என்றால் மூன்றாவது. பிரிட்டிஷ் விமானத்துக்கு உடலின் பின்பகுதியில் இரண்டு எழுத்தும் மூன்று எண்ணும், வட்டச் சின்னத்தின் ஒரு பக்கம் படைப்பிரிவின் எழுத்துகள், மறுபக்கம் அந்த விமானத்தின் எழுத்து. இது ஒன்று கிடைத்தால் போதும், அந்த விமானம் எந்தத் தளத்திலிருந்து கிளம்பியது, உள்ளே யார் யார் இருந்தார்கள் என்பது வரைக்கும் பதிவேட்டில் போய்ப் பார்க்கலாம். வாலை வெட்டிவிட்டால் அது வெறும் ‘ஒரு விமானம்’.

வெட்டாத படங்களில் இன்னொரு கூத்து. மொத்தத்தையும் ஏதோ ஏ.ஐ. மென்பொருளில் விட்டு ‘தெளிவாக்கி’ இருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ரிவெட் வரிசை இருக்க வேண்டிய இடத்தில் தோசைக்கல் மாதிரி வழவழ. ஒரு பி-17-இன் வாலில் ஏழு உருவங்கள் இருக்கின்றன, முதல் 2 சரி, மூன்றாவது 3-ஆ 8-ஆ என்று மென்பொருளுக்கே சந்தேகம் வந்து இரண்டையும் சேர்த்து வரைந்திருக்கிறது, ஐந்தாவது எந்த மொழி எழுத்து என்றே தெரியவில்லை. ஒரு ஜெர்மன் காவலாளுக்குக் கையில் ஆறு விரல். போர்க்காலத்தில் தணிக்கைக்காரர்களும் படத்தில் படைப்பிரிவு எழுத்துகளையும் ராடார் குமிழையும் பூசி அழித்திருக்கிறார்கள், ஆனால் அழித்தது அழித்ததாகத் தெரியும்படி அழித்தார்கள். இது இல்லாத எண்ணைப் புதிதாக எழுதிக் கொடுக்கிறது, அது அதைவிட மோசம். நம்பி மாடலில் ஒட்டினால் என் கதி என்ன?

குறிப்புச் சீட்டுக்கு வருவோம். படம் 7, ‘பாலைவனத்தில் வீழ்ந்த லிபரேட்டர், 1943, போர்க்காலப் படம்’ என்று போட்டிருக்கிறது. பார்த்ததுமே தெரிந்தது, லேடி பி குட். அது விழுந்தது 1943 ஏப்ரல் 4, உண்மைதான். நேப்பிள்ஸ் மேல் குண்டு போடக் கிளம்பி, திரும்பி வரும்போது இருட்டில் தன் தளத்தைத் தாண்டி லிபியப் பாலைவனத்துக்குள் போய்விட்டது, எரிபொருள் தீர்ந்து ஒன்பது பேரும் குதித்துவிட்டார்கள், விமானம் ஆள் இல்லாமல் தானாக மணலில் போய் உட்கார்ந்தது. ஆனால் அதை மேலிருந்து எண்ணெய் தேடுகிறவர்கள் பார்த்தது 1958-இல், ஆட்கள் போய்ச் சேர்ந்து படம் எடுத்தது 1959-இல். அப்போதும் மெஷின் கன் சுட்டதாம், ரேடியோ வேலை செய்ததாம். போர் முடிந்து பதினான்கு வருஷம் கழித்து எடுத்த படத்தைப் போர்க்காலப் படம் என்று விற்பவர் அதைப் பற்றி ஒரு பத்தியாவது படித்திருப்பாரா?

படம் 22, வீழ்ந்த பி-17 என்கிறது. அது விழவே இல்லை. வுல்ஃப் ஹவுண்ட் என்ற பெயர் கொண்டது, 1942 டிசம்பர் 12-இல் அடிபட்டு பிரான்சில் தரையிறங்கியது, ஜெர்மன்காரர்கள் பழுது பார்த்துத் தங்கள் சிலுவைச் சின்னத்தைப் போட்டுப் பறக்கவிட்டார்கள். படத்திலேயே சிலுவை தெரிகிறது, சக்கரத்தின் மேல் நிமிர்ந்து நிற்கிறது, இதில் விழுந்தது எது?

நியாயமாகச் சொன்னால் ஒரு படம் உருப்படி. படம் 31. 1943 மே 16 இரவு ஜெர்மனியின் அணைகளை உடைக்கக் கிளம்பிய 19 லான்காஸ்டர்களில் ஒன்று, ஹால்டர்ன் ஊருக்குப் பக்கத்தில் மின்கம்பியில் மாட்டி விழுந்தது, அதில் இருந்த ஏழு பேரும் இறந்துபோனார்கள். அது சுமந்து வந்த உருளைக் குண்டு மட்டும் வெடிக்காமல் முழுசாகக் கிடைத்துவிட்டது. அந்தக் குண்டுக்குப் பக்கத்தில் அதிகாரிகள் நிற்கிற படம். பெரிய தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற மாதிரிதான் இருக்கும். எதிரியின் ரகசியம் முழுசும் மறுநாளே கைக்கு வந்துவிட்டது என்று அந்த முகங்களில் தெரிகிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தேன். இதை மட்டும் ஏனோ வெட்டவும் இல்லை, வழவழப்பாக்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கங்கைகொண்டானுக்குப் போனேன். அங்கே என் பெரியப்பா இருக்கிறார், வயது 82, விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டர், 1960-களில் புனேயில் லிபரேட்டரில் வேலை பார்த்தவர். நம் விமானப்படையில் லிபரேட்டரா என்று கேட்பவர்களுக்காக இது: போர் முடிந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் லிபரேட்டர்களைக் கான்பூர் பக்கம் சகேரியில் குவித்து, மறுபடியும் யாரும் பறக்க முடியாதபடி நொறுக்கிவிட்டுப் போனார்கள். சுதந்திரத்துக்கப்புறம் அந்தக் குப்பையிலிருந்தே ஹெச்.ஏ.எல். ஆட்கள் ஒவ்வொன்றாகக் கிளப்பி பெங்களூருக்குப் பறந்து கொண்டுபோய், நாற்பதுக்கும் மேல் சரி பண்ணினார்கள். கடைசி லிபரேட்டர் நம் விமானப்படையை விட்டுப் போனது 1968-இல்தான். இன்றைக்கு வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் நிற்கிற லிபரேட்டர் சிலது நம்மூரிலிருந்து போனதுதான், லண்டன் ஹெண்டனில் இருப்பதும் அப்படித்தான்.

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி விமானத்தைப் பற்றி இல்லை. “உள்ள எத்தன பேரு இருந்தான், எத்தன பேரு வெளிய வந்தான்?” ஒவ்வொரு படத்துக்கும் இதே கேள்வி. சீட்டில் ஒன்றுமே இல்லை என்றதும் அவரே தேட ஆரம்பித்தார். தப்பிக்கும் கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா. லிபரேட்டரில் பொதுவாகப் பத்துப் பேர், பி-17-இலும் அப்படித்தான், லான்காஸ்டரில் ஏழு. லான்காஸ்டரின் முன்பக்கத் தப்பிக்கும் கதவு 22 அங்குல அகலம்தான் என்று நான் சொன்னபோது அவர் பேசாமல் தன் தோளில் கையை வைத்து அளந்து பார்த்தார். பாராசூட் கட்டிக்கொண்டு, கம்பளி உடுப்புப் போட்டுக்கொண்டு, இருட்டில், சுற்றிக்கொண்டே விழுகிற விமானத்துக்குள் அதன் வழியாக வெளியே வர வேண்டும். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் மட்டும் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர், இறந்தவர்கள் 55,573.

அப்புறம் புரொப்பெல்லர். அவர் வேலை பார்த்த இடம் அது. படம் 12-ஐ வெளிச்சத்தில் பிடித்து, “இந்தா பாரு, வலப்பக்கம் ரெண்டும் முன்னால சுருண்டிருக்கு, இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே தரை தட்டியிருக்கு. இது பின்னால மடங்கிக் கெடக்கு, இதுல வலு இல்ல. இந்தக் கடைசிய பாத்தியா, ஒரு கட்டைதான் கீழ மாட்டி மடங்கியிருக்கு, மத்ததெல்லாம் கத்தி மாதிரி காத்துக்கு நேரா நிக்கி, அத முன்னாலயே நிறுத்திட்டான். ரெண்டு இன்ஜின்ல வந்திருக்கான்டே” என்றார். 48 படத்துக்கும் சீட்டு எழுதியவருக்குத் தெரியாத ஒரு கதை ஒரே படத்தில் இருந்து வந்துவிட்டது.

படம் 15-க்கு வந்ததும் சிரித்துவிட்டார். சீட்டில் லான்காஸ்டர் என்று இருக்கிறது. “ஏலே, இது லிபரேட்டர்லா. எவன் எழுதுனான்?” இரட்டை வால் இருந்தாலே லான்காஸ்டர் என்று எழுதிவிட்டார்கள் போல. லான்காஸ்டருக்கு இன்ஜின் ஒல்லியாக நீளமாக இருக்கும், இதில் இன்ஜின் முகப்பு அகலவாட்டில் நீள்வட்டம், உள்ளே சுற்றிச் சிலிண்டர். இறக்கை தோளுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, முன்னால் மூக்குச் சக்கரம். குண்டு அறைக் கதவு நம் பஜார்க் கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டில் மேலே சுருண்டு ஏறுகிற வகை. கடலில் இறங்கினால் முதலில் பிய்த்துக்கொண்டு போவது அந்தக் கதவுதான், தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று பெரியப்பா சொன்னார். இறக்கை எவ்வளவு நீளம் என்று பேச்சு வந்தபோது, 110 அடி, நம்ம ஜங்ஷன் டவுன் பஸ் மூன்றை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு என்று நான் சொல்ல, “இப்ப நாலு வழிச் சாலைல டிரெய்லர்ல காத்தாடி எறக்க கொண்டு போறானே, அது இதவிட நீளம்” என்று முடித்துவிட்டார்.

இன்னொரு படத்தில் நின்றுவிட்டார். படம் 40, பி-17 ஒன்று வயிற்றால் உழுதுகொண்டு போய்க் கிழங்கு வயலில் கிடக்கிறது. அதன் இடது ஓரத்தில் ஒரு சைக்கிளின் முன்சக்கரம் மட்டும், பாதி. “இந்தச் சைக்கிள் யாருதுடே?” எனக்கு எப்படித் தெரியும், வெட்டிவிட்டார்களே.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மை காப்பி டம்ளரைக் கொண்டுவந்து படங்களின் மேலேயே வைத்துவிட்டார். பதறி எடுத்தால் டம்ளர் அடியின் வட்டம் அப்படியே விழுந்திருந்தது, கறுப்பு மை நீலமாகக் கசிந்து. சரியான லேப் பிரிண்டாக இருந்தால் ஈரத்தைத் துடைத்தால் போய்விடும். ‘மியூசியம் தரம்’ என்று விளம்பரத்தில் போட்டதெல்லாம் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்தது என்பது ஒரு டம்ளர் காப்பியில் தெரிந்துபோனது. பெரியம்மை “நல்ல சாமான்னா தாங்கும்லா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இன்னொரு குறை, இது என் சொந்த ஆதங்கம். இந்தியாவில் விற்கிற பெட்டியில் இந்தியாவில் எடுத்த ஒரு படம்கூட இல்லை. கரக்பூரைச் சுற்றியிருந்த தளங்களிலிருந்துதான் பி-29 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் முதன்முதலில் குண்டு போடக் கிளம்பியது, 1944 ஜூன் 5, பாங்காக்குக்கு. எதிரியைவிட அதன் இன்ஜினே அதற்கு எமன், நம்மூர் வெயிலில் சூடேறித் தீப்பிடிக்கும். வங்காளத்தில் சல்போனி, திக்ரி என்று லிபரேட்டர் தளங்கள் எத்தனை. இந்தப் பெட்டியில் பி-29 ஒன்றுகூட இல்லை. ஐரோப்பாவில் கிழங்கு வயல் மட்டும்தான் வயலா?

சரி, என்ன செய்யலாம்? இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். அமெரிக்க ராணுவப் புகைப்படக்காரர்கள் எடுத்த படங்களுக்குக் காப்புரிமை கிடையாது. அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தேடினால் பெரிய அளவில் ஸ்கேன் செய்த படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஓரத்தோடு, கீறலோடு. பலவற்றுக்குப் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். தேடுவதற்குப் பொறுமை வேண்டும், நான் நான்கு ராத்திரி உட்கார்ந்தேன். பெட்டியில் இருந்ததில் பதின்மூன்றை அப்படியே கண்டுபிடித்துவிட்டேன், படம் 40 உள்பட. பென் டிரைவில் போட்டு முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு பழைய ஸ்டுடியோவில் கொடுத்தேன். அண்ணாச்சி கறுப்பு வெள்ளைக் காலத்து ஆள், படத்தைப் பார்த்ததும் “பார்டரோட போடணுமா, வெட்டணுமா?” என்று அவராகவே கேட்டார். இந்த ஒரு கேள்விக்கே அவர் காலில் விழலாம். 8-க்கு 12 அளவு, மேட் பேப்பர், ஒன்று 90 ரூபாய், மறுநாள் சாயங்காலம் கொடுத்துவிட்டார். அவரிடமும் ஒரு குறை உண்டு, கேட்காமலே கொஞ்சம் பிரைட் ஏற்றிவிடுவார், ‘ஒன்னும் பண்ணாதீங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பதின்மூன்றுக்கு 1,170 ரூபாய் ஆனது. ஈரக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டேன், கசியவில்லை.

பெட்டிக்காரருக்கு எழுதினேன். ஓரங்கள் அழுக்காகவும் கிழிந்தும் இருந்ததால் வாடிக்கையாளர் நலன் கருதி நீக்கினோம் என்று பதில். பாதிப் பணம் தருகிறோம் என்கிறார்கள், முழுசாகத் தா என்று நான் நிற்கிறேன். அதுவரை இந்தப் பெட்டிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை, அந்த ஒன்று பெட்டிக்கு, அரை படம் 31-க்கு.

புதிய பிரிண்டோடு போன ஞாயிறு மறுபடியும் கங்கைகொண்டான் போனேன். படம் 40-ஐ முழுசாகப் பார்த்ததும் பெரியப்பா எழுந்து வாசல் வெளிச்சத்துக்கே போய்விட்டார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் நிற்கிறார், தொப்பி கையில் இருக்கிறது, கேமராவைப் பார்க்கவில்லை, விமானத்தைத்தான் பார்க்கிறார். கேரியரில் வெள்ளையாக ஏதோ பெரிய மூட்டை, கயிறு தொங்குகிறது. லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, “பாராசூட்டு மாதிரில்லா இருக்கு. அப்ப எவனோ குதிச்சிருக்கான்” என்றார்.

பெரியம்மையும் எட்டிப் பார்த்தார். “பட்டா அது? சேல ரெண்டு வருமே” என்றார்.